சீனத்து உணவகங்களும் கெண்டிச் சின்னமும்

சீன உணவு விடுதி இன்று நம்மவர்க்கு அயலான காட்சி அன்று. பெருநகரங்களில் மட்டுமே இருந்த அவ்விடுதிகள் இப்போது நடுத்தர ஊர்களின் கடைத்தெருக்களிலும் இடம்பிடித்துவிட்டன. வாயிலில் சிவப்பு விளக்கு, சுவரில் டிராகன் உருவம், மேசையில் சோயா சாறும் மிளகாய்ச் சாறும் நிறைந்த புட்டிகள். பெருநாள் விடுமுறை வந்தால் பிள்ளைகள் அங்கேதான் அழைத்துச் செல்லக் கேட்கிறார்கள். அழைத்துச் செல்லும் பெற்றோரோ வாயிற்படியில் ஒரு கணம் தயங்கி நிற்கிறார்கள். இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா? பொரிக்கும் கொழுப்பு எது? சாற்றில் மது கலக்கிறதா?

இவ்வினாக்கள் நேற்று எழுந்தவை அல்ல. சீன மண்ணிலேயே நின்று இவற்றைக் கேட்டவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். கேட்டதோடு நில்லாமல், அவர்களின் வழித்தோன்றல்கள் தக்க விடையும் கண்டார்கள். அவ்விடை நூல்களில் எழுதப்பட்டது. அதைவிடத் தெளிவாகச் சோற்றுக்கடைகளின் வாயிலில் எழுதப்பட்டது. அக்கடைகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே நம் நோக்கம்.

சீனத்துக்கும் நம் அடுக்களைக்கும் உள்ள உறவு பழையது என்பதையும் இங்கே நினைவூட்டலாம். எண்ணெய் காய வைக்கும் இரும்புச் சட்டியை நம் பெண்மக்கள் சீனச்சட்டி என்றே அழைக்கின்றனர். பாத்திஹா ஓதும் நாளிலும் நிக்காஹ் விருந்திலும் பரப்பப்பட்ட பழம் பீங்கான்களில் பல சீனத்திலிருந்து கப்பலேறி வந்தவை. பொருள் வந்த வழியில் மனிதர்களும் வந்தார்கள், சென்றார்கள். சென்றவர்கள் அங்கே எதை உண்டார்கள் என்பதே நம் கேள்வி.

கான்ஃபூ துறைமுகத்தில்

ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851 இல் எழுதப்பட்ட ‘அக்பாருஸ் ஸீனி வல் ஹிந்த்’ என்னும் அரபு நூல், சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பாரசீக வளைகுடாவின் துறைகளிலிருந்து புறப்பட்ட மரக்கலங்கள் நம் கொல்லத்தைத் தொட்டு, வங்கக் கடலைக் கடந்து, கான்ஃபூ என்று அரபியர் அழைத்த குவாங்ஜோ நகரை அடைந்த பயணத்தை அந்நூல் விவரிக்கின்றது. அந்நகரில் முஸ்லிம்களிடையே தீர்ப்பு வழங்க, அவர்களுள் ஒருவரையே சீன அரசர் நியமித்திருந்தார் என்றும், பெருநாள் தொழுகையை அவரே நடத்தினார் என்றும் அதில் காண்கிறோம்.

உணவைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. அரிசி அம்மக்களின் முதன்மை உணவு. வெந்நீரில் இட்டு அருந்தும் கசப்பான ஓர் இலை உண்டு. அதன் விற்பனையில் அரசருக்குப் பெரும் வருவாய் உண்டு. அதுவே நாம் இன்று பருகும் தேயிலை. உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய மண்கலங்களையும் அந்நூல் வியக்கின்றது. ஆனால் வியப்போடு ஒரு கவலையும் அதே நூலில் பதிவாகியிருக்கிறது. இம்மக்கள் பிராணிகளைக் கழுத்தறுத்துக் கொல்வதில்லை. சாகும் வரை தலையில் அடித்துக் கொல்கிறார்கள் என்று அது குறிக்கின்றது. வணிகனுக்குத் துறைமுகம் திறந்திருந்தது, நீதியும் கிடைத்தது, ஆனால் இறைச்சிக்கடை அவனுக்கு மூடியே இருந்தது. நம் வரலாறு இந்த இடத்தில் தொடங்குகின்றது.

காய்ஃபெங் நகரத்துச் சோற்றுக்கடைகள்

உலகில் உணவகம் என்னும் ஏற்பாடு பாரிஸ் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது என்று பலரும் கருதுகின்றனர். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தின் காய்ஃபெங் நகரில் அது செழித்திருந்தது. 960 முதல் 1127 வரை சோங் பேரரசின் தலைநகராக விளங்கிய அந்நகரின் வாழ்வை, அங்கு வாழ்ந்து பின்னர் தெற்கே புலம்பெயர்ந்த மெங் யுவான்லாவ் என்பார் 1147 இல் ஒரு நூலாக எழுதி வைத்தார். இழந்த ஊரை நினைந்து எழுதியவர் ஆதலால், தெருத்தெருவாகக் கடைகடையாக அனைத்தையும் சொல்லிச் செல்கிறார்.

அந்நூல் காட்டும் உணவகத்தை நாம் சற்று உள்ளே நுழைந்து காண்போம். வந்தமர்ந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தைக் கூறுகின்றனர். ஒருவருக்குச் சூடாக வேண்டும், ஒருவருக்கு ஆறியது வேண்டும், ஒருவருக்குக் கொழுப்பில்லாத இறைச்சி வேண்டும். பரிமாறுபவன் எழுதிக்கொள்வதில்லை, அனைத்தையும் மனத்தில் இருத்தி, அடுக்களை வாயிலில் நின்று ராகத்தோடு ஒப்பிக்கிறான். சற்று நேரத்தில் இடக்கையில் மூன்று கிண்ணமும், வலக்கையின் விரல் தொடங்கித் தோள்வரை ஏறத்தாழ இருபது கிண்ணமும் அடுக்கிக்கொண்டு வந்து, கேட்டவருக்குக் கேட்டதை வைக்கிறான். ஒன்று மாறினாலும் கடைக்காரரின் வசவு உண்டு. கூலிப் பிடித்தமும் உண்டு. வேலையே போவதும் உண்டு. தென்னாட்டு உணவுக்குத் தனிக்கடை, ஸிச்சுவான் உணவுக்குத் தனிக்கடை என அங்கே இருந்தன. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தம் ஊர்ச் சுவையைத் தேடியதால் உணவகம் வளர்ந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. தலைநகரின் தெற்கு வாயில் வழியாக நாள்தோறும் மாலையில் ஆயிரக்கணக்கான பன்றிகள், பத்துப் பன்னிரண்டு பேரால் ஓட்டப்பட்டு, நகருக்குள் நுழையும். அந்நகரத்தார் உணவில் அவ்விறைச்சி பெற்றிருந்த இடத்தை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை. பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், இறைச்சியின் வாடை நீங்க அரிசி மதுவில் ஊறவைப்பதும் சீன அடுக்களையின் நெடுநாள் வழக்கம். அத்தகைய நாட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்வது எவ்வாறு?

குப்லாயின் விருந்து

மங்கோலியர் சீனத்தை ஆண்டபோது முஸ்லிம்கள் அங்குப் பெருந்தொகையாகக் குடியேறினர். குப்லாய்கான் அவர்களைக் கணக்கராகவும் வரி அதிகாரிகளாகவும் வானியலாராகவும் அமர்த்தினான். யூன்னான் மாகாணத்தையே ஸையித் அஜல் ஷம்சுத்தீன் என்னும் முஸ்லிம் ஆளுநர் ஆண்டார். இத்தனை செல்வாக்கும் ஒரு தட்டு இறைச்சியினால் ஒருநாள் ஆட்டங்கண்டது.

பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் அந்நிகழ்ச்சியை எழுதியுள்ளார். வடதிசையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் சிலர் அரிய வேட்டைப் பறவைகளைக் குப்லாயிடம் காணிக்கை வைத்தனர். மகிழ்ந்த மன்னன் தன் மேசையிலிருந்தே அவர்களுக்கு உணவு அனுப்பினான். அவர்கள் உண்ணவில்லை. காரணம் கேட்டபோது, அவ்விறைச்சி தங்களுக்குத் தூய்மையானது அன்று என்றனர். மன்னனின் சினம் மூண்டது. மங்கோலியர் வழக்கப்படி பிராணியின் மார்பைப் பிளந்தே கொல்ல வேண்டும். கழுத்தறுப்பவருக்குக் கொலைத் தண்டனை என்று 1280 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆணை பிறந்தது. பகைமை கொண்டோர் பொய்க்குற்றம் சாட்டவும், அடிமைகள் எசமானர்களைக் காட்டிக் கொடுத்துப் பரிசு பெறவும் அவ்வாணை வழிவகுத்தது. முஸ்லிம் வணிகர் பலர் நாட்டை விட்டு நீங்கினர். புதியவர் வரவும் நின்றது. ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின், வணிகர் வராமையால் கருவூலம் வறள்கிறது என அமைச்சர் எடுத்துரைக்க, ஆணை கைவிடப்பட்டது.

இதனுள் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. அவ்வணிகர் செய்தது மார்க்கத்தின்படி சரியே. ஆயினும் விருந்தளித்தவனின் பார்வையில் அது அவமதிப்பாகவே பட்டது. உணவை மறுப்பது, அளித்தவரையே மறுப்பதாக எங்கும் கருதப்படுகிறது. மார்க்கத்தைக் காத்து, மனிதரையும் புண்படுத்தாதிருக்கும் வழி எது என்னும் வினா அன்று குப்லாயின் அவையில் விடையின்றி நின்றது.

கன்ஸா நகரத்துச் சமையற்காரர்கள்

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவ்விடை வேறொரு விருந்தில் கிடைத்தது. அதை நமக்குச் சொல்பவர் இப்னு பதூதா. மதுரை சுல்தானகத்தையும் நம் மஅபர் கரையையும் கண்ட அதே பயணி, 1346 ஆம் ஆண்டளவில் சீனத்தில் இருந்தார். ஒவ்வொரு சீன நகரிலும் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதியும் பள்ளிவாசலும் உண்டு என்று எழுதுகிறார். சீனக் கோழியின் பருமனைக் கண்டு அவர் அடைந்த வியப்புச் சிரிப்பூட்டுவது. அத்தகைய சேவல் ஒன்றைக் கொல்லத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது தீக்கோழி என்றே எண்ணிவிட்டாராம். சீனத்தில் ஒரு கோழியை வாங்கிச் சமைக்க முயன்றபோது ஒரு பானை போதாமல் இரண்டு பானை தேவைப்பட்டதாம்.

எனினும் அந்நாடு அவர் மனத்துக்கு அமைதி தரவில்லை. பன்றியும் நாயும் சந்தையில் விற்கப்படுவதைக் கண்டு மனம் நொந்து, வீட்டைவிட்டு வெளியே செல்வதையே குறைத்துக்கொண்டார். முஸ்லிம் ஒருவரைக் கண்டால் உற்றாரைக் கண்டாற்போல மகிழ்ந்தார்.

இத்தகைய மனநிலையில் அவர் கன்ஸா நகருக்கு வந்தார். அது இன்றைய ஹாங்ஜோ. அங்கே குர்தாய் என்னும் பேரதிகாரி தம் மாளிகையில் அவருக்கு விருந்தளித்தார். நகரப் பெருமக்கள் கூடியிருந்தனர். விருந்துக்கு முன் குர்தாய் செய்த காரியத்தை இப்னு பதூதா மறவாமல் குறித்திருக்கிறார்: முஸ்லிம் சமையற்காரர்களை வரவழைத்து, அவர்கள் கையாலேயே அறுக்கவும் சமைக்கவும் செய்தார். பின்னர்த் தாமே தம் கையால் இறைச்சியைத் துண்டித்து விருந்தினருக்குப் பரிமாறினார். குப்லாயின் அவையில் மறுக்கப்பட்ட தட்டு, குர்தாயின் மாளிகையில் மகிழ்ச்சியோடு ஏற்கப்பட்டது. இடையில் வந்த வேறுபாடு ஒரு சமையற்காரனே. இறைச்சி அறுப்பவனும் அடுப்பு மூட்டுபவனும் முஸ்லிமாயின், ஒரே மேசையில் அனைவரும் அமரலாம் என்னும் உண்மை அங்கே வெளிப்பட்டது.

சீனர் முஸ்லிம்களை ஹுய்ஹுய் என்றழைத்தனர். ஹுய்ஹுய் உணவு வகைகளுக்கெனத் தனிப்பகுதி யுவான் காலத்துச் சீனக் கலைக்களஞ்சியம் ஒன்றில் இடம்பெற்றது. ஹு ஸிஹுய் என்னும் அரண்மனை உணவு வல்லுநர் 1330 இல் பேரரசருக்குப் படைத்த உணவு நூலில், ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் சேர்ந்த சாறுகள் பல காணப்படுகின்றன. மேற்றிசைச் சமையல் அரண்மனைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு இவை சான்று.

சீனராகியும் முஸ்லிமாகவே

1368 இல் மிங் பேரரசு தோன்றியதும் நிலைமை மாறியது. அந்நிய உடை, அந்நிய மொழி, அந்நியப் பெயர் ஆகியவற்றைப் புதிய அரசு விரும்பவில்லை. முஸ்லிம்கள் சீன உடை அணிந்தனர், சீனமே பேசினர், மா போன்ற சீனக் குடும்பப் பெயர்களைப் பூண்டனர். பள்ளிவாசல்களின் கூரைகளும் சீனக் கோயிற்கூரை போல வளைந்தன. ஷியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலைப் பார்ப்பவர், உள்ளே சென்று மிஹ்ராபைக் கண்ட பின்னரே அது பள்ளிவாசல் என உறுதி கொள்வர். உடையும் பேச்சும் பெயரும் கூரையும் மாறிய பின்னர், அன்றாட வாழ்வில் ஒருவரை முஸ்லிம் என்று அயலார் அறிய எஞ்சியவற்றுள் முதன்மையானது அவருடைய உணவுத்தட்டே.

மிங் காலத்துக் கப்பற்படையோடு கோழிக்கோட்டுக்கு வந்த மா ஹுவான் என்னும் சீன முஸ்லிம் மொழிபெயர்ப்பாளர், தம் பயண நூலில் ஓர் அரிய செய்தி தருகின்றார். அந்நகர மன்னருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே முன்னாளில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. மன்னர் தரப்பார் பன்றி உண்பதில்லை. முஸ்லிம்கள் மாடு உண்பதில்லை. ஒருவர் விலக்கை மற்றவர் மதிப்பது என்பதே அது. நம் அண்டைக் கரையின் இச்செய்தியைச் சீனத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டதில் வியப்பில்லை. தம் சொந்த நாட்டில் அவர் சமூகம் நாளும் எதிர்கொண்ட சிக்கல் அதுவே அன்றோ!

அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. நான்ஜிங் நகரத்து லியு ஜி, அரபு பாரசீக நூல்களைக் கற்று, கன்பூசியர் மொழியில் இஸ்லாத்தை விளக்கி எழுதினார். 1710 அளவில் வெளிவந்த அவருடைய சட்ட நூலில் உணவுக்கும் பானத்துக்கும் தனி அத்தியாயங்கள் உண்டு. உணவு உடலை மட்டுமன்றி இயல்பையும் வளர்க்கின்றது; சாதுவான பிராணியின் இறைச்சி நல்லியல்பை வளர்க்கும்; கொடியதும் அழுக்குண்பதும் இயல்பைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். ஹலால், ஹராம் என்னும் சொற்களை அறியாத சீன அயலானுக்கும் விளங்கும் வகையில், அவன் மதிக்கும் ஒழுக்க நெறியின் சொற்களிலேயே அவர் பேசினார். இத்தகைய நூல்களை ‘ஹான் கிதாப்’ என்று அழைப்பர். சீனச் சொல்லும் அரபுச் சொல்லும் கைகோத்த பெயர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி வளர்த்தது போல, அவர்களும் சீனத்தை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் கொண்டிருந்தனர் என்பதும் நாம் மகிழத்தக்கது.

தூயதும் உண்மையானதும்

சீன முஸ்லிம்கள் தம் மார்க்கத்துக்கு இட்ட பெயர்களுள் தலையாயது சிங்ஜென். சிங் என்றால் தூயது; ஜென் என்றால் உண்மை. பள்ளிவாசலுக்கும் சிங்ஜென் ஆலயம் என்றே பெயர். அதே சொல்லைத் தம் உணவகத்தின் வாயிலிலும் எழுதினார்கள். திருமறை உணவைப் பற்றிக் கூறுமிடங்களில் ஹலால், தய்யிப் என்னும் இரு சொற்களையும் இணைத்துரைப்பதை நாம் அறிவோம். அனுமதிக்கப்பட்டது, தூயது என்னும் அவ்விணைக்கும் சிங்ஜென் என்னும் இணைக்கும் உள்ள நெருக்கம் சிந்திப்பார்க்கு இனிமை பயக்கும்.

எழுத்தறியாதவருக்கும் விளங்க வேண்டுமல்லவா? அதற்காகப் பலகையில் ஒரு படமும் வரைந்தார்கள். பிறையோ மினாராவோ அன்று; மூக்குள்ள ஒரு நீர்க்கெண்டி! ஒளுச் செய்யப் பயன்படும் அக்கலம் ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் இருந்தது. நம் பழைய இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் இருந்த கெண்டியை நினைத்துக்கொண்டால் அப்படம் நம் கண்முன் நிற்கும். கைகால் கழுவித் தொழுபவனின் கடை இது. இங்கே அடுக்களை தூயது என்று அக்கெண்டி சொல்லாமற் சொல்லிற்று.

தூய்மை பேச்சிலும் பேணப்பட்டது. பன்றி என்னும் சொல்லையே நாவால் உச்சரிக்க விரும்பாமல், பெரிய இறைச்சி என்று மறைத்துச் சொல்வர். மாட்டைக் கொன்றோம் என்னார், அறுத்தோம் என்பர். வெளியிலிருந்து சமைத்த உணவைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பன்றிக் கொழுப்புக்கு மாற்றாக நல்லெண்ணெயும், மதுவுக்கு மாற்றாக இஞ்சியும் வெங்காயமும் ஸிச்சுவான் மிளகும் கொண்டு, சீனச் சமையலைச் சீனச் சமையலாகவே அவர்கள் ஆக்கிக் காட்டினார்கள்.

மூன்று நகரங்கள், மூன்று கிண்ணங்கள்

பெய்ஜிங் நகரில் 1775 இல் மா குடும்பத்தார் தொடங்கிய யுவேஷெங்ஜாய் கடையின் ஆட்டிறைச்சி, சிங் பேரரசர்களின் அரண்மனைக்கும் சென்றது. அதே நகரில் 1903 இல், மண் சுமந்து பிழைத்த டிங் தேஷான் என்னும் ஏழை முஸ்லிம் ஒருவர் துங்ஆன் சந்தையில் சிறுகடை வைத்தார். பின்னர் அதற்குத் துங்லாய்ஷுன் எனப் பெயரிட்டார். 1912 இல் படைக்கலகத்தில் சந்தை எரிந்தது, கடையும் சாம்பலானது. 1914 இல் மீண்டும் எழுப்பி, ஆட்டிறைச்சி உணவகமாக ஆக்கினார். மேசை நடுவே கரியடுப்புப் பொருந்திய செப்புக்கலம். அதில் கொதிக்கும் நீர். காகிதம் போல் சீவிய இறைச்சித் துண்டை உண்பவரே குச்சியால் பிடித்து ஒரு கணம் முக்கி எடுத்து, எள்ளுச் சாந்தில் தோய்த்து உண்பார். ஒரு கலத்தைச் சுற்றிப் பலர் அமர்ந்துண்ணும் இவ்வுணவு, ஒரே ஸஹனைச் சுற்றி அமரும் நம் விருந்தை நினைவூட்டுவது.

ஷியான் நகரின் சிறப்பு வேறு. அங்கே விருந்தினர் முன் முதலில் வைக்கப்படுவது வெறுங்கிண்ணமும் கெட்டியான ரொட்டியுமே. அதனை அவரே பொறுமையாகச் சிறுசிறு துணுக்குகளாகப் பிய்த்துப் போட வேண்டும். பின்னர் அக்கிண்ணம் அடுக்களை சென்று, ஆட்டுச் சாறும் இறைச்சியும் நிறைந்து திரும்பி வரும். அவ்வகையில் பெயர்பெற்ற லாவ்ஸுன்ஜியா உணவகம் 1898 இல் தோன்றியது. ஹதீஸ் நூல்கள் பேசும் ஸரீத் உணவும் சாற்றில் ரொட்டியைப் பிய்த்திட்டதே ஆகும். கிதாபுகளில் அச்சொல்லை ஓதிக்கொடுக்கும் நமக்கு, ஷியானின் கிண்ணம் அதன் பொருளை விளக்கும் படமாகவே தோன்றுகின்றது.

மூன்றாவது லான்ஜோ. மஞ்சளாற்றங்கரையிலுள்ள அந்நகரில் 1915 இல் மா பாவ்ஜி என்னும் ஹுய் முஸ்லிம், மாட்டிறைச்சிச் சாற்றில் கையால் இழுத்த நூடுல்ஸ் விற்கத் தொடங்கினார். மாவில் ஒருவகைச் செடியின் சாம்பற்காரம் சேர்த்துப் பிசைந்து, இரு கைகளால் இழுத்து மடித்து, மீண்டும் இழுக்க, நூல்கள் இரட்டித்துக்கொண்டே போகும். சாறு தெளிந்திருக்க வேண்டும். முள்ளங்கி வெளுத்திருக்க வேண்டும். மிளகாயெண்ணெய் சிவந்திருக்க வேண்டும். தழை பசுமையாக இருக்க வேண்டும். நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும் என ஐந்து இலக்கணம் வகுத்தனர். 1980களின் இறுதி முதல், சிங்ஹாய் மாகாணத்து ஹுவாலோங் வட்டாரத்தின் ஏழை முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரை நகரங்களுக்குச் சென்று இக்கடைகளைத் திறந்தனர். பயணம் செய்யும் முஸ்லிமுக்கு இன்று சீனத்தின் மூலைமுடுக்கிலும் ஒரு கிண்ணம் ஹலாலான உணவு கிடைக்கிறதென்றால், அவ்வேழைகளின் உழைப்புக்கு அதில் பெரும் பங்குண்டு.

ஒருவழிப் பந்தியின் பண்பு

இக்கடைகளில் உண்டவர்களுள் மிகப்பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாத சீனரே. ஹுய் முஸ்லிம் தம் அயலார் வீட்டுப் பந்தியில் அமர முடியாது. ஆனால் அயலார் அவருடைய பந்தியில் தடையின்றி அமரலாம். ஆகவே நட்புக்கும் வணிகப் பேச்சுக்கும் திருமணப் பேச்சுக்கும் முஸ்லிம் ஒருவர் உடனிருந்தால், அனைவரும் சிங்ஜென் பலகை தேடிச் செல்வது வழக்கமாயிற்று. அழைப்பை மறுக்க வேண்டியவன் அழைப்பவனாக மாறினான். குப்லாயின் அவையில் தோன்றிய மனக்கசப்புக்கு, சாமானியச் சமையற்காரர்கள் தம் அடுப்படியில் கண்ட மருந்து இது. விருந்தினரின் பெயரும் ஊரும் அறியுமுன்னே கன்றின் இறைச்சியை அவர்முன் கொணர்ந்து வைத்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வழியும் இதுவன்றோ?

பலகை இறங்கிய நாட்கள்

இவ்வழி எந்நாளும் இன்னலற்று இருந்தது என்று நாம் கூற மாட்டோம். 1966 இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியின்போது பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன, பழம்பெயர்கள் பழிக்கப்பட்டன, துங்லாய்ஷுன்னும் தன் பெயரை இழந்தது. யூன்னானின் ஷாதியான் ஊரில் முஸ்லிம்கள் பன்றி வளர்க்கவும் உண்ணவும் வற்புறுத்தப்பட்டனர். பள்ளிவாசலைத் திறக்கக் கோரிய அவ்வூரார்மீது 1975 இல் படை ஏவப்பட்டது. அண்டை ஊர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1979 இல் அரசே அத்தீர்ப்பைத் திருத்தி அவர்கள் குற்றமற்றோர் என ஏற்றது. போன உயிர்கள் திரும்பவில்லை. ஒரு தட்டு உணவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்காக உயிரிழந்தவர்களின் கபுறுகள் அங்கே உள்ளன.

அண்மையில் 2019 இல், பெய்ஜிங் நகரத்து ஹலால் உணவகங்கள் தம் பலகைகளிலுள்ள அரபு எழுத்தையும் இஸ்லாமியச் சின்னங்களையும் நீக்க வேண்டுமென அதிகாரிகள் கட்டளையிட்டனர். சில கடைக்காரர் எழுத்தின்மீது ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்தனர். வேறு சிலர் பலகையையே மாற்றி, சீன எழுத்தில் சிங்ஜென் என்று மட்டும் எழுதி வைத்தனர். அரபு எழுத்து மறைந்ததில் நமக்கு வருத்தம் உண்டு. அதனை எளிய செய்தியாக ஒதுக்க இயலாது. ஆயினும் முன்னோர் தம் நம்பிக்கையை அந்நாட்டு மொழியிலேயே மொழிந்து வைத்த அறிவுடைமை அந்த நெருக்கடியில் துணை நின்றது என்பதையும் காண்கிறோம். தூயது, உண்மையானது என்னும் இரண்டு சொற்களும் சீனச் சொற்களாகவே இருந்தன. ஆதலால் அவை வாயிலில் எஞ்சின.

நாம் கொள்ளத்தக்கது

ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் நம்மவர் பிரியாணிக் கடைகளுக்கு எல்லாச் சமயத்தாரும் விரும்பி வருகின்றனர். சுவைக்காக வருகின்றனர் என்று மட்டும் நினைத்து நாம் அமைந்துவிடக் கூடாது. அக்கடையின் கல்லாவில் இருப்பவர், அறிந்தோ அறியாமலோ, சீனத்துக் கெண்டிச் சின்னம் தாங்கியவர்களின் பணியையே செய்கின்றார். அவர் எடை குறைத்தால், பழைய இறைச்சியை விற்றால், மேசையைத் துடையாமல் விட்டால், குறைபடுவது வணிகம் மட்டும் அன்று. ஹலால் என்று பலகையில் எழுதுவது எளிது. தய்யிப் என்பதை அடுக்களையில் எழுத வேண்டும்.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடமுண்டு. பிள்ளைகள் பிறர் வீட்டு விருந்துக்கோ அயல்நாட்டு உணவகத்துக்கோ செல்லும்போது, உண்ணாதே என்று தடுப்பது பெற்றோர் கடமையின் ஒரு பாதியே. மறுக்கும்போது இன்சொல்லால் மறுக்கவும், மறுத்தவரை மற்றொரு நாள் நம் வீட்டுப் பந்திக்கு அழைத்து உபசரிக்கவும் கற்றுக்கொடுப்பது மறுபாதி. முதற்பாதியைக் குப்லாயின் அவைக்கு வந்த வணிகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மறுபாதியைப் பெய்ஜிங்கிலும் ஷியானிலும் லான்ஜோவிலும் அடுப்பு மூட்டியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.